காரணம் என்ற கட்டம்

விடுப்பு விண்ணப்பத்தில்
காரணம் என்று ஒரு கட்டம்,
மூன்று சொல் கொள்ளும் அகலம்.
இருபத்திரண்டு வருசமாய் நிரப்பியிருக்கிறேன்:
நாத்தனார் மகள் சடங்கு,
மாமனார் கண் ஆபரேஷன்,
சங்கரன்கோவில் தபசு,
பிறகு ஒருமுறை, வெறுமனே, மாமனார்.

இந்தத் தடவை எழுதினேன்: சும்மா.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார்.
“சும்மான்னா ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா.”
அடித்துவிட்டு அவரே எழுதினார்:
உடல்நலக் குறைவு.

அன்றிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லை.
ஆவுடையம்மாள் நாடி பிடிக்காத குறை.
வீட்டுக்காரரோட சண்டையா,
கட்டி கிட்டி ஏதாவதா,
புனலூர்ல டாக்டர் யாரையும் பார்க்கவா.
இல்லை, இல்லை, இல்லை.
“பின்ன, கூட யாரு?”

ஆனி கடைசி. சாரல் வந்துவிட்டது.
ஊரே வேன் பிடித்துக் குற்றாலம் போகும் நேரம்.
ஒரு வேனுக்குப் பத்தொன்பது பேர், ஓர் அண்டா புளியோதரை.
அருவிக்குள்ளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருக்க வேண்டும்.
ஒற்றைக் கொலுசு தொலைந்தால்
பத்தொன்பது பேரும் தேட வேண்டும்.
நானும் போயிருக்கிறேன்.
எண்ணெய்ப் பாட்டிலுக்கும் மாற்றுச் சேலைகளுக்கும் காவல்.
அருவி நன்றாயிருந்தது என்று சொன்னார்கள்.

காளிராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
பையின் ஜிப் மாட்டிக்கொண்டதை
மெழுகு தேய்த்துச் சரிசெய்து கொடுத்தார்.
வாசல் வரை வந்து கேட்டார்:
“சிலிண்டர் வந்தா துட்டு எங்க இருக்கு?”

புளியரை செக்போஸ்டில் வைக்கோல் லாரிகள்.
எதை ஏற்றியிருக்கிறது, எங்கே இறக்கும்,
எல்லாவற்றுக்கும் சீட்டு இருந்தது.
எஸ் வளைவில் மழை ஜன்னல் வழியே வந்து
என் மடியில் உட்கார்ந்தது.

தென்மலையில் லாட்ஜ்.
பாசுரன் என்று பேர், முப்பது வயசிருக்கும்.
“ஒற்றைக்காணோ?”
ஆமாம்.
“பின்னே ஆரெங்கிலும் வருமோ?”
வரமாட்டார்கள்.
ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தான்.
எழுத்து வட்ட வட்டமாய், ஆனாலும்
கட்டம் கட்டம்தான்.
உச்சிமாகாளி, 47, செங்கோட்டை.
கடைசிக் கட்டத்தில், சும்மா.
“சும்மாவோ” என்றான்.
மலை தாண்டியும் தேயாத சொல்.

கடைசி அறைச் சாவியை எடுத்தவன்
அதை மாட்டிவிட்டு
படிக்கட்டை ஒட்டிய அறையைக் கொடுத்தான்.

ஆறு மணிக்குத் தட்டினான்: சேச்சீ, சாயா?
ஏழரைக்கு: சேச்சீ, வெள்ளம் வேணோ?
(வெளியே வேண்டிய மட்டும் இருந்தது.)
ஒன்பதுக்குக் கொசுவத்தி.
பத்தேகாலுக்கு வெறுங்கையோடு நின்றான்.
அவன் கண் என்னைத் தாண்டி மேலே போனது.
நானும் திரும்பிப் பார்த்தேன்.
பழைய மின்விசிறி, மூன்று இறக்கை.
கொக்கி மட்டும் புதுசு.

கோபம் வரவேண்டும். வந்தது, பாதி.
மீதி, அவன் காலைப் பார்த்து நின்றுவிட்டது.
சத்தம் கேட்கக் கூடாதென்று
செருப்பில்லாமல் வந்திருக்கிறான்.

கதவைச் சாத்தினேன்.
பையில் கைமுறுக்கு இருந்தது,
உடம்பு தேறட்டும் என்று ஆவுடையம்மாள் கொடுத்தது.
கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒவ்வொன்றாய், வாயைத் திறந்தே,
ஊர் கேட்கக் கடித்தேன்.
பதினோரு முறுக்கு.
தொண்டை வறண்டு
அவன் வைத்துப்போன வெள்ளத்தைக் குடித்து
ஓர் ஏப்பமும் விட்டேன்.

படியிலிருந்து ஆள் எழுந்த சத்தம்.
இறங்கிய சத்தம்.
பதினாலு படி.

அந்தப் பக்கம் பெய்கிற அதே மழை
இந்தப் பக்கமும்.
இரட்டைக் கட்டில்.
வழக்கம்போலச் சுவரோரமாய்ப் படுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
நடுவுக்கு நகர்ந்தேன்.